வீட்டின் மேல் பாண்ட் போடும் முன் அந்தச் சேற்று பாட்டிலைப் பாருங்கள்

போன வாரம் டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஓர் அம்மா மகளோடு வந்திருந்தார். மகள் மெட்ரிக், அதாவது பள்ளிக் கடைசி வருடம் படிக்கிறாள். இங்கே மருத்துவ இடம் கிடைக்காவிட்டால் வெளிநாட்டில் பணம் கட்டிச் சேர்த்துவிடலாம், அதற்கு வீட்டை அடமானம் வைத்து இன்னொரு பாண்ட் (கடன்) எடுக்கலாம் என்று ஜோகன்னஸ்பர்க் பெரியப்பா சொல்லியிருக்கிறார். "பிள்ளை ஏதோ சேற்றைப் படிக்கப் போறேன்கிறா, நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க" என்று கண் கலங்கினார். தண்ணீர் கொடுத்தேன், கவலைப்படாதீர்கள் என்றேன். அத்தோடு என் ஆறுதல் முடிந்தது.

தங்கச்சி, இங்கே தென்னாப்பிரிக்காவில் மருத்துவம் ஆறு வருடம். அப்புறம் இரண்டு வருடப் பயிற்சி, ஒரு வருடம் சமூகப் பணி. வெளிநாட்டில் படித்து வந்தால் மருத்துவக் கவுன்சிலின் தேர்விலும் தேற வேண்டும். எல்லாம் முடித்தும் அரசு ஆஸ்பத்திரியில் பணியிடம் இல்லாமல் நிற்கும் டாக்டர்களைப் பற்றி 2025-ல் செய்திகளில் பார்த்தோமே. ஆசைப்பட்டுப் போகிற பிள்ளை இதையெல்லாம் தாங்கும். உங்கள் மகளுக்கு ஊசியைப் பார்த்தாலே மயக்கம் வரும் என்று சொன்னது நீங்கள்தான்.

கணக்கு, கம்ப்யூட்டர், இன்ஜினியரிங் பற்றி நான் பேசப் போவதில்லை. அதற்கு ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் நாலு பேர் இருக்கிறார்கள்.

அவள் பையிலிருந்து ஒரு பழைய மயோனைஸ் பாட்டிலை எடுத்து மேசையில் வைத்தாள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் உங்கள் கொல்லையில் நின்ற சேறு. அடியில் மணல், அதன் மேல் மெல்லிய வண்டல், உச்சியில் வழவழப்பான களி. எது முதலில் இறங்கும், ஏன் என்று கேட்டேன். இருபது நிமிடம் பேசினாள். உயிரியல் எப்படிப் போகிறது என்று கேட்டதற்கு, "பரவாயில்லை அங்கிள்." அவ்வளவுதான்.

அவள் படிக்க நினைப்பது எரிமலைப் பள்ளத்தில் தேங்கிய ஆழமான ஏரிகளின் அடிமண்டியை. அவள் அன்று சொன்ன சாலா ஏரி கிளிமஞ்சாரோவின் கிழக்கே, கென்யா-தான்சானியா எல்லையில் இருக்கிறது. ஆழம் சுமார் 90 மீட்டர். சுற்றிலும் செங்குத்தான பாறை. பெரிய ஆறு எதுவும் உள்ளே பாய்வதில்லை, தண்ணீர் பெரும்பாலும் நிலத்தடியில் ஊறி வருவது. அடியாழத்தில் ஆக்சிஜன் இல்லாததால் புழு பூச்சி எதுவும் சேற்றைக் கிளறாது. விழுந்தது விழுந்தபடி கிடக்கும். காற்றடிக்கும் வறண்ட மாதங்களில் டயாட்டம் என்ற, கண்ணாடி போன்ற ஓடுள்ள நுண்பாசி பெருகி, செத்து, வெளிர்க் கோடாகப் படியும். மழை மாதங்களில் கருங்கோடு. இப்படி ஒரு ஜோடிக் கோடு ஏறக்குறைய ஒரு வருடம்.

2016-ல் அங்கே ஏரி மேல் மிதவையை நிறுத்தித் துளையிட்டு, சுமார் 2,50,000 ஆண்டுகளின் வண்டலைக் குழாய் குழாயாக எடுத்தார்கள். அந்தக் குழாயை நீளவாக்கில் இரண்டாக அறுப்பார்கள். ஒரு பாதி குளிரறைக்குப் போகும். மறுபாதியில் ஒருவர் மகரந்தம் எண்ணுவார், ஒருவர் கரித்துகள் எண்ணுவார், ஒருவர் எரிமலைச் சாம்பலைத் தேடுவார். சுமத்ராவில் சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் தோபா எரிமலை வெடித்தபோது பறந்த கண்ணாடித் துகள், மலாவி ஏரியின் அடியிலும் கிடைத்திருக்கிறது, நம் மோசல் பே பக்கத்துப் பின்னக்கிள் பாயிண்டிலும் கிடைத்திருக்கிறது. வெறும் கண்ணுக்குத் தெரியாத துகள்! அதைத் தேடிப் பிடிக்க, அரிசியில் கல் பொறுக்கிய நம் ஆயாக்களின் பொறுமை வேண்டும். உங்கள் மகளுக்கு அது இருக்கிறது.

"இதுக்கெல்லாம் யார் சம்பளம் கொடுப்பாங்க?" என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. ஏரி ஆராய்ச்சி மட்டும் என்றால் பணியிடங்கள் குறைவு, அதை மறைக்க மாட்டேன். டாக்டர் சம்பளமும் வராது. ஆனால் வண்டலைப் படிக்கத் தெரிந்தவருக்கு வேறு வாசல்களும் உண்டு. ப்ளூம்ஃபொன்டெய்னுக்குத் தண்ணீர் தரும் வெல்பெடாக்ட் அணையைப் பாருங்கள். 1973-ல் கட்டி முடித்தபோது அதன் கொள்ளளவு சுமார் 11.5 கோடி கனமீட்டர். இருபதே வருடத்தில் சுமார் 1.6 கோடியாகச் சுருங்கிவிட்டது. மீதி இடத்தை வண்டல் எடுத்துக்கொண்டது. அணை, துறைமுகம் தூர்வாருதல், சுரங்கக் கழிவுத் தேக்கம் என்று எங்கு போனாலும் அடியில் என்ன படிகிறது என்று சொல்ல ஆள் வேண்டும்.

வழி இதுதான். க்வாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்திலேயே ஜியாலஜி (மண், பாறை பற்றிய படிப்பு) இருக்கிறது, வீட்டிலிருந்து போய் வரலாம். பிஎஸ்சி மூன்று வருடம், அதன் மேல் ஆனர்ஸ் ஒரு வருடம். ஆனர்ஸை விட்டுவிடக் கூடாது. அதன் பிறகு மூன்று வருட அனுபவம் இருந்தால் விஞ்ஞானிகளைப் பதிவு செய்யும் கவுன்சிலான சாக்னாஸ்ப்பில் விஞ்ஞானியாகப் பதிந்துகொள்ளலாம். கணிதமும் பிசிக்கல் சயன்ஸும் அவளிடம் இருக்கின்றன, நல்லது. குடும்ப வருமானம் வருடத்துக்கு 3,50,000 ராண்டுக்குள் இருந்தால் பிஎஸ்சிக்கு என்எஸ்ஃபாஸ் என்ற அரசு மாணவர் உதவி நிதியைக் கேளுங்கள். ஆனர்ஸுக்கு அது கை கொடுக்காது, மூன்றாம் வருடமே தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையான என்ஆர்எஃப்பின் உதவித்தொகைக்கு எழுத வேண்டும்.

வீட்டின் மேல் பாண்ட் வேண்டாம். மருத்துவத்துக்கும் வேண்டாம், ஜியாலஜிக்கும் வேண்டாம். உங்கள் மாமனார் வாங்கிய வீடு, அதில் இன்னும் இரண்டு பிள்ளைகள் வளர்கிறார்கள்.

பொம்பளைப் பிள்ளை எப்படி ஏரி நடுவில் மிதவையில் நிற்பாள் என்று அப்பா கேட்டாராம். ஆம்பளைப் பிள்ளை நிற்பது போலத்தான், லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு.

விண்ணப்பப் படிவத்தில் முதல் இடத்தை அவளே நிரப்பட்டும். பெரியப்பாவின் எண்ணை எனக்கு அனுப்புங்கள், அவரிடம் நான் பேசிக்கொள்கிறேன்.