சீனாவின் சின் வம்சம் 15 ஆண்டுகளில் விழுந்ததற்கும், அதன்பின் வந்த ஹான் வம்சம் 400 ஆண்டுகள் நின்றதற்கும் அவற்றின் ஆட்சித் தத்துவம்தான் காரணமா?

பாடப்புத்தகத்தில் இதற்கு ஒரு விடை உண்டு. கடும் சட்டமும் தண்டனையுமே ஆட்சிக்கு அடிப்படை என்னும் சட்டவாதத்தைச் சின் பிடித்துக்கொண்டு கொடுங்கோல் செலுத்தி அழிந்தது. ஹான், அறத்தாலும் நல்லொழுக்கத்தாலும் ஆள வேண்டும் என்னும் கன்பூசியத்தைத் தழுவித் தழைத்தது. சொல்லக் கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அதை முதலில் எழுதியவர்கள் ஹான் காலத்து அறிஞர்கள். விழுந்த அரசைப் பற்றி, அதை வீழ்த்தி எழுந்த அரசின் நிழலில் இருந்தவர்கள் தந்த தீர்ப்பு அது.

சட்டவாதம் வெறும் கொடுமை அல்ல. கி.மு. 356 அளவில் சின் நாட்டில் அமைச்சர் ஷாங் யாங் தொடங்கிய சீர்திருத்தம், பிறப்பைத் தள்ளிவிட்டு, போரில் கொய்த தலைக்கு ஏற்பப் பதவி கொடுத்தது. குடும்பங்களை ஐந்தைந்தாகவும் பத்துப்பத்தாகவும் பிணைத்து, ஒருவர் குற்றத்துக்கு மற்றவர்களையும் பொறுப்பாக்கியது. பட்டத்து இளவரசன் சட்டத்தை மீறியபோது அவனுடைய ஆசிரியர்கள் தண்டிக்கப்பட்டார்கள். அவன் அரசனானதும் ஷாங் யாங் தப்பி ஓடினார். ஊர் பேர் தெரியாதவரைத் தங்கவைத்தால் ஷாங் யாங் சட்டப்படி தண்டனை என்று சத்திரக்காரர் இடம் தர மறுத்துவிட்டதாக வரலாற்றாசிரியர் சிமா சியென் எழுதுகிறார். நம்புவதற்குக் கொஞ்சம் அதிகப் பொருத்தமான கதை! ஆள் கொல்லப்பட்டார், சட்டம் நிலைத்தது. அதன் பலத்தில்தான் சின் கி.மு. 221இல் சீனாவை ஒரு குடைக்கீழ்க் கொண்டுவந்தது.

கொடுமைக்குச் சான்றாக எல்லோரும் காட்டுவது கி.மு. 209 கிளர்ச்சி. எல்லைக் காவலுக்குப் போன 900 பேர் மழையில் சிக்கித் தாமதமானார்கள். தாமதத்துக்குத் தண்டனை மரணம். எப்படியும் சாவுதான் என்றால் எதிர்த்தே சாவோம் என்று சென் ஷெங், வூ குவாங் இருவரும் அவர்களைத் திரட்டினார்கள். ஆனால் 1975இல் ஹூபே மாகாணத்தின் ஷுய்ஹுதியில், சின் காலத்து அதிகாரி ஒருவரின் கல்லறையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மூங்கில் ஓலைகள் கிடைத்தன. கட்டாய வேலைக்கு 3 முதல் 5 நாள் தாமதமானால் வெறும் கண்டிப்பு, 6 முதல் 10 நாள் என்றால் ஒரு கேடயம் அபராதம், அதற்கு மேல் ஒரு கவசம், மழை வந்தால் வேலையே ரத்து என்கின்றன அவை. படைச் சேவைக்கு வேறு விதி இருந்திருக்கலாம். என்றாலும், ஹான் காலத்தார் வரைந்த படத்தை அப்படியே நம்ப எனக்கு மனம் வரவில்லை.

என் பார்வையில் சின்னின் உண்மையான ஓட்டை அரண்மனைக்குள் இருந்தது. கி.மு. 210இல் பயணத்தின் நடுவே முதல் பேரரசர் சின் ஷி ஹுவாங் இறந்தார். பிண நாற்றம் தெரியாதிருக்க வண்டிகளில் மீனை ஏற்றிக்கொண்டு தலைநகர் திரும்பினார்கள். இதற்குள், பேரரசரின் முத்திரையைக் கையில் வைத்திருந்த அரண்மனை அதிகாரி சாவ் காவும் முதலமைச்சர் லீ சியும் பேரரசர் பெயரில் பொய்க் கடிதம் எழுதி, மூத்த மகன் ஃபூசூவைத் தற்கொலை செய்துகொள்ளச் சொன்னார்கள். அவன் எல்லையில், பெரும்படையோடு தளபதி மெங் தியென் பக்கத்தில் இருந்தான். விசாரித்துப் பார்க்கலாம் என்று தளபதி தடுத்தும், தந்தை சாகச் சொன்ன பிறகு விசாரிப்பதா என்று கேட்டு உயிரை விட்டான். கன்பூசிய அறிஞர்களைத் தண்டிக்க வேண்டாம் என்று தந்தையிடம் வாதாடியதால்தான் அவன் எல்லைக்கே அனுப்பப்பட்டிருந்தான். ஆணையைக் கேள்வி கேட்க வழியே இல்லாத அமைப்பில், முத்திரை யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பேரரசர்.

ஹான் செய்தது என்ன? ஹான் வம்சத்தைத் தொடங்கிய லியூ பாங் சின் தலைநகருக்குள் நுழைந்ததும், கொலைக்கு மரணம், காயத்துக்கும் திருட்டுக்கும் தக்க தண்டனை என்று மூன்றே விதிகளை அறிவித்தார். மக்கள் மகிழ்ந்தார்கள். ஆனால் அவருடைய அமைச்சர் சியாவ் ஹே முதல் வேலையாகச் சின் அரசின் பதிவேடுகளைக் கைப்பற்றினார். பிறகு சின் சட்டத்தை வைத்தே ஹான் சட்டத்தை வகுத்தார். கி.மு. 124இல் கன்பூசிய நூல்களைக் கற்பிக்க 50 மாணவர்களோடு உயர்கல்விக்கூடம் தொடங்கிய அதே பேரரசர் வூதான் உப்பையும் இரும்பையும் அரசின் ஏகபோகமாக்கினார். பின்னாளில் பட்டத்து இளவரசன், தண்டனையைக் குறைத்துக் கன்பூசியர்களை அதிகம் பயன்படுத்தலாமே என்றபோது, ஹான் குடும்பத்துக்கென்று ஒரு முறை உண்டு, வல்லமையும் அறமும் கலந்தது அது என்று பேரரசர் சுவான் கடிந்துகொண்டார்.

கலப்படமில்லாத கன்பூசிய ஆட்சியும் ஒருமுறை வந்தது. ஹான் ஆட்சியின் நடுவே அரியணையைப் பறித்த வாங் மாங், சின்னுக்கு முன்பிருந்த சௌ வம்சத்தின் காலத்தை நூல்களில் உள்ளபடியே திரும்பக் கொண்டுவர முயன்றார். நிலத்தையும் அடிமைகளையும் விற்கத் தடை விதித்தார், நாணயத்தை மாற்றி மாற்றி அடித்தார். போதாக்குறைக்கு மஞ்சள் ஆறும் தடம் மாறியது. கி.பி. 9இல் தொடங்கிய அவருடைய வம்சம், கி.பி. 23இல் கிளர்ச்சியாளர்கள் தலைநகருக்குள் புகுந்து அவரைக் கொன்றபோது முடிந்தது. சின் வாழ்ந்ததும் ஏறக்குறைய அவ்வளவு காலம்தான்.