நின்னு ஷோல்டர் பிரஸ் அடிச்சா இடுப்பு வளையுதா? வெயிட்ட குறைங்க ப்ரோ

உக்காந்து ஷோல்டர் பிரஸ் (தோள்ல இருந்து வெயிட்ட தலைக்கு மேல தள்றது) பண்ணா கைக்கு 20 கிலோ டம்பெல் போகுது, நின்னா 15-லயே இடுப்பு வளைஞ்சு அடி முதுகு வலிக்குதுன்னு கேட்டிருந்தீங்க. பெஞ்ச்ல முதுகுக்கு முட்டு கிடைக்குது, நிக்கும்போது அந்த வேலைய வயிறும் புட்டமும்தான் பாக்கணும், அதுங்க அசந்துச்சுன்னா நம்மள அறியாம பின்னாடி சாய ஆரம்பிச்சு பாதி லோட மேல் நெஞ்சு வாங்கிக்கும். ஒலிம்பிக் வெயிட்லிஃப்டிங்லயே இப்படி சாஞ்சு சாஞ்சு தூக்கி ஜட்ஜ் பண்ணவே முடியாமதான் 1972 மியூனிக்கோட பிரஸ்ஸ எடுத்துட்டாங்க, நாமெல்லாம் எம்மாத்திரம்.

நின்னு பண்றப்ப 10 கிலோவுக்கு இறங்குங்க, ஈகோ வேணாம். வயித்தையும் புட்டத்தையும் இறுக்கிட்டு, விலா எலும்பு முன்னாடி துருத்தாம பாத்துக்கோங்க. சைடுல போன வச்சு ஒரு வீடியோ எடுங்க, நான் எடுத்து பாத்தப்ப தொப்பைய முன்னாடி தள்ளிக்கிட்டு வில்லு மாதிரி நின்னுட்டு இருந்தேன், ஜிம்ல ஒருத்தனும் சொல்லல பாருங்க.

தோள் சைஸ் மட்டும் போதும்னா உக்காந்தே அடிங்க, தப்பே இல்ல, பெஞ்சோட முதுகுப் பலகைய மட்டும் செங்குத்தா வைக்காம, சாய்வு மாத்துற ஓட்டைல ஒண்ணு தள்ளி பின்னாடி சாய்ச்சுக்கோங்க. வலி கால் வரைக்கும் இறங்குச்சுன்னா பிரஸ்ஸ நிறுத்திட்டு டாக்டர்ட்ட காட்டிருங்க.