லூகாஸ் சி40 டைனமோவைப் புதுப்பித்தல்: கேள்வி பதில்

கேள்வி: மோரிஸ் மைனர் 1000 வைத்திருக்கிறேன் சார். வண்டி ஓடும்போதும் சார்ஜ் விளக்கு அணைவதில்லை. பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் லூகாஸ் சி40 டைனமோவைக் கழற்றிவிடட்டுமா?

பதில்: இப்போதே கழற்றாதீர்கள். வண்டியில் இருக்கும்போதே பாதி நோயைக் கண்டுபிடித்துவிடலாம். முதலில் பெல்ட்டைப் பாருங்கள். விரலால் அழுத்தினால் சுமார் 13 மி.மீ. தாழ வேண்டும். அடுத்து டைனமோவின் டி (மின்சாரம் வெளிவருவது), எஃப் (ஃபீல்டு காயிலுக்குப் போவது) முனைகளிலிருந்து ஒயர்களை உருவிவிட்டு, அந்த இரு முனைகளையும் சிறு கம்பியால் இணையுங்கள். வோல்ட்மீட்டரின் ஒரு முனையை அந்தக் கம்பியிலும் மற்றதை டைனமோ உடலிலும் வைத்து, ஐட்லிங்கிலிருந்து மெதுவாக வேகத்தைக் கூட்டுங்கள். முள் தடங்கலின்றி ஏற வேண்டும். 20 வோல்ட்டுக்கு மேல் போகவிடாதீர்கள்.

ஏறினால் டைனமோ நன்றாக இருக்கிறது, குறை, மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரிலோ ஒயரிலோதான். ஒன்றுமே காட்டாவிட்டால் கார்பன் பிரஷ்ஷைப் பாருங்கள். அரை வோல்ட், ஒரு வோல்ட்டோடு நின்றால் காந்தப்புலம் உண்டாக்கும் ஃபீல்டு காயிலைச் சந்தேகியுங்கள். இரும்பில் தங்கியிருக்கும் பழைய காந்தம் மட்டும் தரும் மின்சாரம் அது. 4, 5 வோல்ட்டில் நின்றால் ஆர்மேச்சர் (உள்ளே சுழலும் பகுதி).

கேள்வி: ஃபீல்டு காயிலில் எத்தனை ஓம் இருக்க வேண்டும்?

பதில்: 6 ஓம். 12 வோல்ட் கொடுத்தால் 2 ஆம்பியர் இழுக்கும். ஓம் மிகவும் குறைந்திருந்தால் உள்ளே ஷார்ட். அப்படியே ஓட்டினால் அந்த அதிக மின்சாரம் ரெகுலேட்டர் பாயின்ட்டைக் கருக்கிவிடும். காயிலைக் கழற்றுமுன் அதைப் பிடித்திருக்கும் இரும்புத் துண்டுகளான போல் ஷூ இரண்டிலும் அடையாளம் போடுங்கள், இடம் மாறக் கூடாது. திரும்ப மாட்டும்போது திருகு முழு இறுக்கத்துக்கு வராவிட்டால் ஷூ தளர்ந்து ஆர்மேச்சரில் உரசும்.

கேள்வி: கம்யூட்டேட்டர் (ஆர்மேச்சரில் பிரஷ் உரசும் செம்பு உருளை) கறுத்துப் பள்ளம் விழுந்திருக்கிறது. எமரித் தாளால் தேய்த்தால் போதாதா? ஆர்மேச்சரையே மாற்றச் சொல்கிறார் மெக்கானிக்.

பதில்: இரண்டும் வேண்டாம். எமரித் துகள் செம்புக்குள் பதிந்து பிரஷ்ஷை அறுக்கும். வெறும் கறுப்பு என்றால் பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்து, நைஸான உப்புத்தாளால் தேய்த்தாலே போதும். பள்ளம் இருந்தால் லேத்தில் அதிக வேகத்தில், மிக மெல்லிய வெட்டாக எடுக்கச் சொல்லுங்கள். பள்ளம் மறைந்ததும் நிறுத்திவிட வேண்டும். பழைய வகைக் கம்யூட்டேட்டரின் விட்டம் 36.3 மி.மீ.க்குக் கீழே போகக் கூடாது. கட்டைகளைச் சேர்த்து வார்த்த வார்ப்பு வகை என்றால் 36.8.

லேத் வேலையோடு முடித்துவிடுவதுதான் பலர் செய்யும் தவறு. செம்புக் கட்டைகளுக்கு நடுவே உள்ள மைக்காவைத் தாழ்த்தியே ஆக வேண்டும். செம்பைவிட மைக்கா கெட்டி. செம்பு தேயத் தேய மைக்கா மேலே துருத்தி, பிரஷ்ஷைத் தூக்கித் தூக்கிப் போடும். அதனால் தீப்பொறி, திரும்பவும் கறுப்பு. ஹாக்ஸா பிளேடின் பக்கங்களைச் சாணை பிடித்து இடைவெளி அகலத்துக்குக் குறைத்து, சுமார் 0.8 மி.மீ. ஆழம் சதுரமாக வெட்டுங்கள். ஓரத்தில் மெல்லிய மைக்காத் தோல் ஒட்டியிருந்தாலும் எடுத்துவிடுங்கள். வார்ப்பு வகையில் வெட்டு 0.9 மி.மீ.க்கு மேல் இறங்கக் கூடாது.

ஆர்மேச்சரை எப்போது கைவிடுவது? ஒரே இடத்துக் கட்டைகள் மட்டும் கருகியிருந்தால் அங்கே கம்பி அறுந்திருக்கலாம். சில நேரம் பற்றவைத்த ஈயம் உருகித் தெறித்திருக்கும். அதைத் திரும்பப் பற்றவைத்தாலே சரியாகிவிடும். ஷார்ட்டைச் சாதாரண மீட்டர் காட்டாது. வைண்டிங் கடையில் க்ரோலர் என்ற சோதனைக் கருவியில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஆர்மேச்சர் மேல் பிடிக்கும் பிளேடு அதிர்ந்தால் ரீவைண்டிங்தான்.

கேள்வி: ஆர்மேச்சர் தண்டைத் தாங்கும் பின்பக்கப் புஷ்ஷை அப்படியே அடித்து ஏற்றிவிடலாமா?

பதில்: கூடாது. அது நுண்துளை வெண்கலம், எண்ணெயைத் தனக்குள் வைத்திருப்பது. 24 மணி நேரம் இன்ஜின் ஆயிலில் ஊறவைத்துவிட்டு ஏற்றுங்கள். ரீமர் (துளையை அகலமாக்கும் கருவி) போடாதீர்கள், துளைகள் அடைந்துவிடும்.

கேள்வி: புது பிரஷ் போட்டால் மூடி உள்ளே போகவே மாட்டேன் என்கிறது அண்ணா.

பதில்: பிரஷ்ஷை மேலே தூக்கி, ஸ்பிரிங்கை அதன் பக்கவாட்டில் அழுத்தவிட்டு நிறுத்துங்கள். மூடியைப் பொருத்திய பிறகு காற்றுத் துளை வழியே மெல்லிய ஸ்க்ரூட்ரைவரை விட்டு ஸ்பிரிங்கை பிரஷ்ஷின் தலையில் ஏற்றுங்கள். அதற்கு முன்பே கம்யூட்டேட்டரில் உப்புத்தாளைச் சுற்றி பிரஷ்ஷின் வளைவைப் படியவைத்துவிட வேண்டும்.

கேள்வி: பேட்டரியின் பாசிடிவ் முனை வண்டி உடலில் இணைந்த பாசிடிவ் எர்த்திலிருந்து நெகடிவுக்கு மாற்றினேன். டைனமோவில் என்ன செய்ய வேண்டும்?

பதில்: காந்தத் திசையை மாற்றுங்கள். பேட்டரியைப் புது முறையில் மாட்டி, எஃப் ஒயரைக் கழற்றிவிட்டு, பேட்டரியின் எர்த் ஆகாத முனையிலிருந்து ஒரு கம்பியால் டைனமோவின் எஃப் முனையை இரண்டு மூன்று முறை தொட்டு எடுங்கள். செய்யாமல் ஓட்டினால் மின்சாரம் எதிர்த்திசையில் பிறந்து, டைனமோவைப் பேட்டரியோடு இணைத்துத் துண்டிக்கும் கட்-அவுட்டின் பாயின்ட் கருகும். நெடுநாள் சும்மா கிடந்த டைனமோவுக்கும் இதே வைத்தியம்.

கேள்வி: 100 வாட் ஹெட்லைட் இரண்டு போட்டால் தாங்குமா?

பதில்: தாங்காது. சி40 முழு வேகத்தில் தருவதே 22 ஆம்பியர். அந்த இரண்டு பல்புகளுக்கே 16 ஆம்பியருக்கு மேல் போய்விடும். ஐட்லிங்கில் டைனமோ ஏறக்குறைய ஒன்றும் தராது என்பதையும் மறக்காதீர்கள்.

கேள்வி: எல்லாம் மாட்டியாகிவிட்டது. வண்டியில் ஏற்றுமுன் மேசையிலேயே பார்க்க வழி உண்டா?

பதில்: உண்டு. டி, எஃப் இரண்டையும் இணைத்து, 12 வோல்ட் பேட்டரியின் ஒரு முனையை அதிலும் மற்றதை உடலிலும் கொடுங்கள். மோட்டார் போல மெதுவாக, விட்டுவிட்டு இல்லாமல் சுற்ற வேண்டும். சுமார் 5 ஆம்பியர் இழுத்தால் சரி. திக்கித் திக்கிச் சுற்றினால் கம்யூட்டேட்டரையும் பிரஷ் ஸ்பிரிங்கையும் திரும்பப் பாருங்கள். கொடுக்கும்போது பேட்டரியின் திசை வண்டியில் உள்ளபடியே இருக்கட்டும், இல்லாவிட்டால் காந்தம் புரண்டுவிடும்.