இன்னொருவர் எழுதித் தரும் நோக்கம் – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

நான் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்தவன். இயந்திரப் பொறியியல் முடித்து ஒன்றரை ஆண்டுகள் ஆகின்றன. அப்பா ரிக் வண்டியில் டிரில்லர். ஆழ்துளைக் கிணறு போடுவதற்காகக் கர்நாடகம், மத்தியப் பிரதேசம் என்று வருடத்தில் எட்டு மாதம் வெளியூரிலேயே இருப்பார். கல்லூரி விடுமுறைகளில் நானும் உடன் போயிருக்கிறேன். எந்தப் பிட் (பாறையைக் குடையும் முனை) எந்த ஊர்ப் பாறையில் எத்தனை அடி ஓடியது என்று அவர் ஒரு நோட்டில் குறித்து வைப்பார். அந்தக் கணக்கை வைத்துத்தான் கடைசி ஆண்டு புராஜெக்டைச் செய்தேன். அது இருக்கட்டும், நான் கேட்க வந்தது வேறு.

வெளிநாட்டில் முதுகலை படிக்க விரும்புகிறேன். ஈரோட்டில் ஒரு கன்சல்டன்சியில் இங்கிலாந்தில் ஓராண்டு ‘என்ஜினியரிங் மேனேஜ்மென்ட்’ படிப்பு, செப்டம்பர் இன்டேக் என்கிறார்கள். சேவை இலவசம். எஸ்.ஓ.பி. என்கிற நோக்கக் கட்டுரையையும் பரிந்துரைக் கடிதங்களையும் அவர்களே எழுதித் தருவார்கள், அதற்கு மட்டும் 7,000 ரூபாய். வங்கிக் கணக்கில் காட்ட வேண்டிய பணத்தை 28 நாளுக்கு வட்டிக்கு ஏற்பாடு செய்வதாகவும் சொல்கிறார்கள். வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கல்விக்கடன் வாங்கலாம் என்கிறார் அப்பா. நண்பன் ஜெர்மனிக்குப் போகச் சொல்கிறான். எது சரி? எனக்கு ஆங்கிலத்தில் எழுத வராது. எஸ்.ஓ.பி.யை அவர்கள் எழுதித் தருவதில் தவறு உண்டா? என் பெயரை வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதம் வந்த வாரத்தில்தான் பழைய கோப்புகளைக் கழித்துக் கட்டிக்கொண்டிருந்தேன். நான் ஆசிரியராக இருந்தபோது கையெழுத்திட்ட பரிந்துரைக் கடிதங்களின் நகல்கள் ஒரு கட்டாகக் கிடைத்தன. அவற்றில் ஒன்றைக் கிழிக்க மனம் வராமல் மேசைமேல் வைத்திருந்தேன். அது ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நாடு எது என்ற கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். இங்கிலாந்தில் படித்து முடித்தவர்கள் தங்கி வேலை பார்ப்பதற்காக 2021 ஜூலையில் கொண்டுவரப்பட்ட விசாவின் காலம் இரண்டு ஆண்டுகள். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு, முனைவர் பட்டம் பெற்றவர்கள் நீங்கலாக, அது 18 மாதமாகக் குறைகிறது. 2026 செப்டம்பரில் சேர்ந்தால் நீங்கள் இந்த 18 மாதக் கணக்கில்தான் வருவீர்கள். இதைக் கன்சல்டன்சியில் உங்களுக்குச் சொன்னார்களா? ஜெர்மனியில் பெரும்பாலான மாநிலங்களின் அரசுப் பல்கலைக்கழகங்கள் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017இலிருந்து நம்மைப் போன்ற வெளிநாட்டவரிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. ஆனால் ஓராண்டுச் செலவுக்கான 11,904 யூரோவை ‘பிளாக்டு அக்கவுன்ட்’டில் முன்கூட்டியே போட்டாக வேண்டும்; போய்ச் சேர்ந்தபின் மாதம் 992 யூரோ வீதம்தான் கைக்கு வரும். இந்திய மாணவர்கள் தங்கள் சான்றிதழ்கள் உண்மையானவை என்று காட்டும் ஏ.பி.எஸ். சான்றும் வாங்க வேண்டும். இவ்வளவையும் ஒரு மாலை நேரம் உட்கார்ந்தால் நீங்களே படித்துத் தெரிந்துகொள்ளலாம். இதற்கு நானும் வேண்டாம், கன்சல்டன்சியும் வேண்டாம்.

28 நாள் வட்டிப் பணம் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது, தம்பி. அதை ஏதோ பேருந்தில் இடம் போட்டு வைப்பதைப் போல எழுதியிருக்கிறீர்கள். இங்கிலாந்து விசாவுக்குப் பணம் தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும் என்ற விதி எதற்காக வந்தது? அங்கே போய் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் நீங்கள் தடுமாறக் கூடாது என்பதற்காக. 29ஆம் நாள் பைனான்ஸ்காரர் எடுத்துக்கொண்டு போய்விடும் பணத்தைக் காட்டி அந்த ஊரில் இறங்கினால், முதல் மாத வாடகைக்கு என்ன செய்வீர்கள்? பொய்யான ஆவணம் கொடுத்ததாக முடிவானால் பத்து ஆண்டுகளுக்கு அந்த நாட்டின் விசா கிடைக்காது. வங்கியின் கல்விக்கடன் ஒப்புதல் கடிதமே நிதிச் சான்றாக ஏற்கப்படும்போது இந்த ஏற்பாடு யாருக்காக? வட்டி வாங்குகிறவருக்காக மட்டும்தான். இந்தப் பேச்சை இன்றோடு விட்டுவிடுங்கள்.

அடுத்து அந்த ‘இலவசம்’. உங்களிடம் வாங்காததை அவர்கள் பல்கலைக்கழகத்திடம் வாங்குகிறார்கள்: நீங்கள் சேர்ந்த பிறகு, முதலாண்டுக் கட்டணத்தில் ஒரு பங்கு. அதுவும் ஒரு தொழில்தான், அதைச் செய்கிறவர்களில் நேர்மையானவர்களை எனக்குத் தெரியும். ஆனால் கமிஷன் தராத இடத்தின் பெயர் அவர்களுடைய பட்டியலில் எப்படி வரும்? ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் அந்தக் கமிஷனைத் தருவதில்லை. ஃபிரைபெர்க் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே 1765இல் தொடங்கிய சுரங்கவியல் கல்விக்கூடம் இன்று பல்கலைக்கழகமாக இருக்கிறது. துளையிடும் தொழில்நுட்பத்துக்கென்றே அங்கு தனித் துறை உண்டு. ரிக் வண்டியில் வளர்ந்த பிள்ளையின் காதில் அந்தப் பெயர் விழவே இல்லை, ‘என்ஜினியரிங் மேனேஜ்மென்ட்’ மட்டும் விழுந்திருக்கிறது. அங்கேதான் சேர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உங்களுக்குக் காட்டப்பட்ட பட்டியல் எப்படித் தயாராகிறது என்பதை நீங்கள் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி எஸ்.ஓ.பி. அதில் தவறு உண்டா என்று கடைசி வரியில் போகிற போக்கில் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு உங்கள் கடிதத்தில் முக்கியமாகப் பட்டது அந்த ஒரு கேள்விதான்.

நான் திருநெல்வேலிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் 19 ஆண்டுகள் வேலை பார்த்தேன். அக்டோபர், நவம்பர் ஆனால் இறுதியாண்டு மாணவர்களும் முந்தைய ஆண்டு முடித்தவர்களும் பரிந்துரைக் கடிதத்துக்காக ஆசிரியர் அறை வாசலில் வந்து நிற்பார்கள். கடிதத்தை ஆசிரியர் எழுத வேண்டும் என்பது பெயரளவில்தான். கன்சல்டன்சியில் அடித்துக் கொடுத்த தாளோடு வருவார்கள், நாங்கள் கல்லூரி முத்திரைத் தாளில் அச்செடுத்துக் கையெழுத்திடுவோம். வகுப்புக்கு மணி அடித்துவிடும், வாசலில் ஆறு பேர் நிற்பார்கள், படித்துப் பார்க்க நேரம் இருக்காது. அப்படி ஓர் ஆண்டு நான் கையெழுத்திட்ட மூன்று கடிதங்களில் ஒரே பத்தி இருந்தது. சிறு வயதிலிருந்தே இயந்திரங்களின்மீது தீராத ஆர்வம் கொண்டவர் என்று தொடங்கும் பத்தி. மூன்றிலும் பெயர் மட்டும் மாறியிருந்தது. ஒன்றில் அதுவும் சரியாக மாறவில்லை: மேலே ஒரு பையனின் பெயர், கீழே நான்கு இடங்களில் ‘அவள்’. அடியில் என் கையெழுத்து. மேசைமேல் வைத்திருக்கும் நகல் அதுதான்.

அந்தப் பையனை எனக்கு நன்றாகத் தெரியும். வள்ளியூரில் அவனுடைய மாமாவுக்குத் தென்னந்தோப்பு இருந்தது. தேங்காய் உரிப்பதற்கு ஆள் கிடைக்கவில்லை என்று மாமா புலம்பியதைக் கேட்டு, பழைய இரும்புக் கடையில் வாங்கிய இரண்டு உருளைகளை வைத்து உரிக்கும் இயந்திரம் ஒன்றைச் செய்தான். முதலில் செய்தது சிரட்டையையும் சேர்த்து உடைத்தது. உருளைகளுக்கு நடுவில் உள்ள இடைவெளியைக் காயின் அளவுக்கேற்ப விட்டுக்கொடுக்கும்படி ஒரு ஸ்பிரிங்கை வைத்த பிறகு அது ஓடியது. நானே நேரில் போய்ப் பார்த்தேன். ஆனால் கன்சல்டன்சி எழுதிக் கொடுத்த எஸ்.ஓ.பி.யில் தேங்காயைப் பற்றி ஒரு சொல் இல்லை. விசையாழி இறகுகளில் வெப்பப் பரவலைக் கணினி மாதிரி கொண்டு ஆராய்ந்ததாக எழுதியிருந்தார்கள், நான் கையெழுத்திட்ட கடிதமும் அதையே சொல்லியது. அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று இடம் கொடுத்தது, விசாவுக்கு வேண்டிய ஐ-20 படிவம் வந்தது, சென்னைத் துணைத் தூதரகத்தில் நேர்காணலுக்கு நாள் கிடைத்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற அதிகாரி, உங்கள் புராஜெக்டில் நீங்கள் செய்தது என்ன என்று கேட்டார். பிள்ளை திகைத்து நின்றுவிட்டான். தான் எழுதாததை அவன் எப்படி நினைவில் வைத்திருப்பான்? சில நிமிடங்களில் பாஸ்போர்ட்டும், அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தின் 214(பி) பிரிவின் கீழ் விசா மறுக்கப்பட்டது என்ற தாளும் கைக்குத் திரும்ப வந்தன. நிரூபிக்கும்வரை விண்ணப்பதாரர் ஒவ்வொருவரையும் அங்கேயே குடியேற வருகிறவராகக் கருத வேண்டும் என்பது அந்தப் பிரிவு. அதிகாரி வேறு எதையெல்லாம் கணக்கில் எடுத்துக்கொண்டாரோ, நான் அறியேன். தேங்காய் இயந்திரத்தைப் பற்றிக் கேட்டிருந்தால் அரை மணி நேரம் பேசியிருப்பேன் சார் என்று அந்தப் பிள்ளை என் முன்னால் உட்கார்ந்து சொன்னதை மட்டும் நான் அறிவேன். அவனை ஏமாற்றியவர்களில் நானும் ஒருவன்.

இது ஏதோ நம் ஊரில் மட்டும் நடப்பது என்று எண்ண வேண்டாம். பிரிட்டனில் இளங்கலைச் சேர்க்கையை நடத்தும் யுகாஸ் அமைப்பு 2007இல் சுமார் 50,000 விண்ணப்பங்களின் சுயவிவரக் கட்டுரைகளை ஒப்பிட்டுப் பார்த்தது. எட்டாவது பிறந்தநாளில் வேதியியல் பெட்டியை வைத்து விளையாடித் தன் இரவு உடையில் ஓட்டை போட்டுக்கொண்ட அதே கதையை 234 பேர் எழுதியிருந்தார்கள். படிக்கிறவர்களுக்குத் தெரியாது என்று நினைத்துத்தான் 234 பேரும் எழுதியிருப்பார்கள். கன்சல்டன்சியில் உங்களுக்காக எழுதுகிற இளைஞர், ஒரே நாளில் எத்தனை பேருக்கு எழுதுகிறாரோ. இன்று அவரும் செயற்கை நுண்ணறிவுச் செயலியில் உங்கள் பெயரையும் மதிப்பெண்ணையும் போட்டு எடுத்துத் தருவாராக இருக்கும். சிறு வயதிலிருந்தே தீராத ஆர்வம் என்றுதான் அதுவும் தொடங்கும்.

விண்ணப்பக் கட்டில் இருப்பவற்றை எண்ணிப் பாருங்கள். மதிப்பெண் பட்டியலைப் பல்கலைக்கழகம் தருகிறது, ஆங்கிலத் தேர்வு முடிவைத் தேர்வு நடத்துகிறவர்கள் தருகிறார்கள், வங்கிச் சான்றை மேலாளர் தருகிறார், பரிந்துரையை ஆசிரியர் தருகிறார். நீங்களே உட்கார்ந்து உருவாக்குவது எஸ்.ஓ.பி. என்ற அந்த இரண்டு பக்கம் மட்டும்தான். அதையும் 7,000 ரூபாய்க்கு விட்டுவிட்டால், வீட்டுப் பத்திரத்தை வைத்து அனுப்பப்படும் அந்தக் கட்டில் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்? ஆனால் பிரச்சினை வந்தால் நிற்பது நீங்கள்தான். கனடாவில் போலிச் சேர்க்கைக் கடிதங்களோடு போன இந்திய மாணவர்களின் கதை 2023இல் வெளியானபோது, அவர்களில் பலர் உண்மையிலேயே வேறு கல்லூரியில் படித்து முடித்து வேலையிலும் இருந்தார்கள். நிரந்தரமாகத் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பித்தபோதுதான் பழைய கடிதம் போலி என்று அவர்களுக்கே தெரிந்தது. ஏஜென்ட் 2024இல் மூன்றாண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். ஆனால் நாடு கடத்தும் உத்தரவு முதலில் வந்தது மாணவர்களின் பெயரில். அடுத்தவர் நிரப்பினாலும் விண்ணப்பம் உங்களுடையதுதான்.

ஆங்கிலம் எழுத வராது என்கிறீர்கள். சரி, தமிழில் எழுதுங்கள். எழுதியும் விட்டீர்கள். உங்கள் கடிதத்தின் முதல் பத்தியை இப்போது எடுத்துப் படியுங்கள். எந்தப் பிட் எந்த ஊர்ப் பாறையில் எத்தனை அடி ஓடியது என்று அப்பா குறித்து வைத்த நோட்டு, அந்தக் கணக்கிலிருந்து நீங்கள் செய்த புராஜெக்ட்: இதைத்தான் அந்தப் பேராசிரியர்கள் தேடுகிறார்கள். இதை எழுதிவிட்டு ‘அது இருக்கட்டும், நான் கேட்க வந்தது வேறு’ என்று தள்ளிவிட்டீர்களே! எனக்கு அந்த இடத்தில் மனது வலித்தது. கருங்கல்லில் பிட்டில் பதித்த கார்பைடு பட்டன்கள் எப்படித் தேய்ந்தன? எந்தக் கட்டத்தில் சாணை பிடித்தால் பிட் கூடுதலாக ஓடியது? நீங்கள் போட்ட கணக்கு எந்த இடத்தில் பொய்த்தது, அதைச் சரிசெய்ய உங்களுக்கு என்ன தெரியவில்லை? தெரியாத அந்த ஒன்றை எந்தத் துறை கற்பிக்கிறது என்று தேடினால், நாடும் பல்கலைக்கழகமும் அதன் பின்னால் தாமாக வரும். முதலில் தமிழில் மூன்று பக்கம் எழுதுங்கள். பிறகு உங்களுக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், சின்னச் சின்ன வாக்கியங்களாக நீங்களே மாற்றுங்கள். இலக்கணப் பிழையைத் திருத்த உங்கள் பள்ளி ஆங்கில ஆசிரியரிடம் கொடுங்கள், மகிழ்ச்சியோடு செய்வார். பிழையை மட்டும் திருத்தச் சொல்லுங்கள், அழகாக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

மூன்று பக்கம் எழுத உட்கார்ந்து எழுத வரவில்லை என்றால் அதையும் மறைக்காமல் அப்பாவிடம் சொல்லுங்கள். படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்ட வேண்டாம் என்று வங்கியில் சொல்வார்கள், ஆனால் வட்டி முதல் நாளிலிருந்தே ஏறிக்கொண்டிருக்கும். என்ன படிக்கப் போகிறோம் என்று சொல்லத் தெரியாமல் அந்தக் கடனை எடுப்பதைவிட, இன்னும் ஓர் ஆண்டு ரிக் வண்டியிலோ பட்டறையிலோ இருந்து யோசிப்பது எவ்வளவோ மேல். செப்டம்பர் இன்டேக் அடுத்த ஆண்டும் வரும்.

பரிந்துரைக் கடிதத்துக்கும் அதே வழிதான். உங்கள் புராஜெக்டை மேற்பார்த்த ஆசிரியரிடம் நேரில் போய், நீங்கள் எழுதிய மூன்று பக்கத்தைக் கொடுத்து, படித்துவிட்டு அவர் கைப்பட எழுதித் தரும்படி கேளுங்கள். நேரமில்லை என்பார், நாங்களும் அப்படித்தான் சொன்னோம். இரண்டாம் முறையும் போய் நில்லுங்கள்.

அப்பா அடுத்த முறை ஊருக்கு வரும்போது அந்த நோட்டை வாங்கி, பத்துப் பக்கங்களைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். எந்த ஊரில் எத்தனை அடி என்று பார்க்க எனக்கும் ஆசையாக இருக்கிறது. உங்கள் தமிழ்ப் பக்கங்களையும் சேர்த்து அனுப்புங்கள், படித்துவிட்டு எழுதுகிறேன். வீட்டுப் பத்திரம் அதுவரை பீரோவிலேயே இருக்கட்டும்.

அன்புடன்.