வக்கீல் நோட்டீஸ் வந்தால் பெயரை விட்டுவிட வேண்டுமா?

கேள்வி: எங்கள் ஊர்ப் பெயரோடு 'டீ' சேர்த்து 2014 முதல் 'டாட் இன்' இணையதளம் ஒன்று நடத்துகிறேன். சொந்தத் தோட்டத்துத் தேயிலையும் தைலமும் விற்பேன். பெயர் தங்கள் டிரேட்மார்க் போலிருக்கிறது, 15 நாளில் இணைய முகவரியை (டொமைன்) ஒப்படையுங்கள் என்று பெரிய நிறுவனம் ஒன்று நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது. என்ன செய்வது?
- வாசகி, கோத்தகிரி

பதில்: பயப்படாதீர்கள் அம்மா, அதற்காக நோட்டீஸை அலமாரியில் போட்டுவிடவும் வேண்டாம், அது தீர்ப்பு அல்ல. அவர்களுக்கு முன்பிருந்தே நீங்கள் அந்தப் பெயரைத் தொடர்ந்து பயன்படுத்தி வந்தால், 1999 டிரேட்மார்க் சட்டத்தின் 34-வது பிரிவு உங்கள் பக்கம். ஊரையும் பொருளையும் நேர்மையாகக் குறிப்பிடுவதற்கு 30, 35-வது பிரிவுகளும் இடம் தருகின்றன. பழைய பில், கூரியர் ரசீது, டொமைன் வாங்கிய மின்னஞ்சல், முதலில் அச்சடித்த லேபிள் எல்லாவற்றையும் தேதிவாரியாக எடுத்து வையுங்கள், உங்கள் பலமே அதுதான்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: "இவ்வளவு கொடுத்தால் தருகிறேன்" என்று விலை எழுதிவிடாதீர்கள். கனடா மாணவர் மைக் ரோ தன் பெயரோடு 'சாஃப்ட்' சேர்த்து, 'மைக்ரோசாஃப்ட்' போலவே ஒலிக்கும் 'MikeRoweSoft.com' தளம் நடத்தியபோது மைக்ரோசாஃப்ட் 10 டாலர் தருவதாகச் சொன்னது, அவர் 10,000 கேட்டார், அதையே அவருக்கு எதிராகத் திருப்பினார்கள். 2004-ல் சமரசமானது.

'டாட் இன்' தகராறில் புகார் செய்பவர் பெயர் ஒற்றுமையை மட்டும் காட்டினால் போதாது; உங்களுக்கு அதில் நியாயமான உரிமை இல்லை, கெட்ட எண்ணம் இருந்தது என்றும் காட்ட வேண்டும். ஊட்டியிலோ கோவையிலோ டிரேட்மார்க் தெரிந்த வக்கீலைப் பார்த்து, கெடுவுக்குள் பதில் அனுப்புங்கள். அப்புறம், டொமைன் புதுப்பிக்கும் தேதியை இன்றைக்கே பாருங்கள்.