புது ஊரில் குடும்ப மருத்துவர்: யாரிடம் கேட்பது?

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். தேர்வுகளையெல்லாம் முடித்து, வெளிநாட்டில் ஒரு சிற்றூர் கிளினிக்கில் குடும்ப மருத்துவராகச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது என்கிறீர்கள். "மருத்துவம் தெரியாமல் தவிக்கவில்லை. ஆனால் மாலையில் வீடு திரும்பியதும் அன்று பார்த்தவர்கள் ஒவ்வொருவராக மனதில் வந்து நிற்கிறார்கள். சரியாகத்தான் செய்தேனா என்று கேட்க ஆளில்லை. மூத்த மருத்துவரிடம் கேட்கலாம், ஆனால் என்னுடைய ஆறு மாத மதிப்பீட்டை எழுதப்போகிறவரும் அவர்தான்" என்று எழுதியிருக்கிறீர்கள்.

அந்தக் கடைசி வரிதான் உங்கள் பிரச்சினை. மதிப்பீடு எழுதுகிறவரிடம் 'எனக்குப் புரியவில்லை' என்று மனம் திறந்து சொல்வது எவருக்கும் கடினம். மேற்பார்வையாளர் வேறு, சக மருத்துவர் வேறு. உங்களுக்கு இப்போது வேண்டியது, உங்களைப் பற்றி எந்தத் தாளிலும் எதுவும் எழுதாத ஆறேழு சக மருத்துவர்கள். வீடு, வண்டி, பள்ளிக்கூடம் எல்லாவற்றுக்கும் முன்பாக நான் இதைத்தான் தேடச் சொல்வேன். நான் குடும்ப மருத்துவராக வெளிநாடு வந்து பத்தொன்பது ஆண்டுகள் ஆகின்றன. முதல் ஓராண்டு இது இல்லாமல் கழிந்தது. அந்த ஓராண்டை வேறு எவரும் அப்படிக் கழிக்கக் கூடாது என்று மனதார விரும்புகிறேன்.

ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். அந்த முதல் ஆண்டில் ஒரு மூதாட்டி இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வருவார். ஒரு நாள் தலைச்சுற்றல், ஒரு நாள் முதுகு வலி, ஒரு நாள் தூக்கமின்மை. ரத்தப் பரிசோதனை, இசிஜி எல்லாம் சரியாக இருந்தன. வந்ததும் நாற்காலியைச் சற்றே திருப்பி, என்னை நேராகப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் பார்த்தபடி உட்கார்ந்துகொள்வார். என்னை, என் நிறத்தை, என் உச்சரிப்பைப் பிடிக்கவில்லை என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். பட்டியலில் அவர் பெயரைக் கண்டாலே வயிறு இறுகும்.

பக்கத்து ஊர் மருத்துவர் ஒருவர் என்னை ஒரு குழுவுக்கு அழைத்துப்போனார். மாதம் இரு முறை, எட்டுப் பேர், ஒன்றரை மணி நேரம். குறிப்பு எதுவும் பார்க்காமல் இந்த மூதாட்டியைப் பற்றிச் சொன்னேன். "அவர் உள்ளே வரும்போது உங்களுக்கு என்ன தோன்றுகிறது?" என்று ஒருவர் கேட்டார். நோயைப் பற்றி ஒரு கேள்வியும் வரவில்லை. நான் தயங்கித் தயங்கி உண்மையைச் சொன்னேன். அப்போது, எனக்கு முன்பு அந்த கிளினிக்கில் விடுப்புக் காலப் பணி செய்திருந்த ஒரு பெண் மருத்துவர், "முன்பிருந்த டாக்டரின் மேசை ஜன்னல் பக்கம்தானே இருந்தது?" என்றார். முப்பது ஆண்டுகள் அந்த ஊரைப் பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவர் அந்தப் பழைய டாக்டர். மூதாட்டி பார்த்துக்கொண்டிருந்தது அவருடைய இடத்தை. அடுத்த முறை அவர் வந்தபோது என் நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பழைய டாக்டரைப் பற்றிக் கேட்டேன். இருபது நிமிடம் பேசினார். பேச்சுக்கு நடுவில்தான், கணவர் இறந்த இரவில் வீட்டுக்கு வந்து கூடவே இருந்தவர் அந்த டாக்டர் என்று சொன்னார். என் பாடப்புத்தகம் எதிலும் அந்த மேசை இல்லை.

இப்படி நடக்கும் குழுக்களுக்கு பாலின்ட் குழு என்று பெயர். உளப்பகுப்பாய்வாளரான மைக்கேல் பாலின்ட் 1896இல் புடாபெஸ்ட்டில் ஒரு பொது மருத்துவரின் மகனாகப் பிறந்தவர். 1930களின் இறுதியில் ஹங்கேரியை விட்டு இங்கிலாந்துக்கு வந்தார். வந்த சிறிது காலத்திலேயே மனைவியை இழந்தார். புலம்பெயர்ந்த அந்த மனிதர்தான் 1950களில் லண்டனில் உள்ள டாவிஸ்டாக் என்ற மனநல கிளினிக்கில் பொது மருத்துவர்களைக் கூட்டி, வாராவாரம் தங்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசவைத்தார். மருத்துவர் கொடுக்கும் மருந்துகளிலேயே அதிகம் பயன்படுவது மருத்துவரேதான், ஆனால் அந்த மருந்தின் அளவும் பக்கவிளைவும் எந்த நூலிலும் இல்லை என்பது அவர் கருத்து. இன்று பல நாடுகளில் இந்தக் குழுக்கள் நடக்கின்றன. உங்கள் நாட்டின் குடும்ப மருத்துவர் சங்கத்திடம் கேளுங்கள்.

ஒரு குழு போதாது, இரண்டு வேண்டும் என்பது என் அனுபவம். முதலாவது, ஊருக்குள்ளேயே. இது நடைமுறைக்கு. எந்த வேளையில் அழைத்தால் குழந்தை மருத்துவர் எடுப்பார், புண்ணுக்குக் கட்டுப்போடுவதில் எந்தச் செவிலியர் கைதேர்ந்தவர், எந்த மருந்துக் கடைக்காரர் மருந்துச் சீட்டில் பிழை கண்டால் உடனே தொலைபேசியில் கூப்பிடுவார் என்பதெல்லாம் எந்தக் கையேட்டிலும் கிடைக்காது. எனக்கு ஒருவர் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் ஐந்து எண்கள் எழுதிக் கொடுத்தார். மடிப்பு கிழியும் வரை அதைச் சட்டைப்பையில் வைத்திருந்தேன்.

இரண்டாவது, ஊருக்கு வெளியே. இதுதான் மனதுக்கு. சிற்றூரில் உங்கள் சக மருத்துவரே நாளை உங்கள் பிள்ளைக்கு மருத்துவராவார், அவர் மனைவி உங்கள் நோயாளியாவார். ஒரு நோயறிதலைத் தவறவிட்டுவிட்டேன் என்றோ, இந்த வேலையே வேண்டாம் என்று தோன்றுகிறது என்றோ அங்கே சொல்ல முடியாது. வேறு ஊர்க்காரர்களிடம், காணொளியில் என்றாலும், சொல்ல முடியும்.

நம் மொழி பேசும் மருத்துவர்களின் குழுவிலும் சேருங்கள், அந்த ஆறுதலுக்கு ஈடில்லை. ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள். எல்லாரும் புதியவர்களாக இருக்கும் இடத்தில் இந்த நாட்டின் நடைமுறையைச் சொல்லித்தர ஆளிருக்காது.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன்: வாட்ஸ்அப் குழுவில் நோயாளியின் படத்தையோ பரிசோதனை அறிக்கையையோ போடாதீர்கள். பெயரை மறைத்தால் போதும் என்று நினைக்கிறோம். சிற்றூரில் வயதும் தொழிலும் சேர்ந்தாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும். நேரில் பேசும்போதும் இதே கவனம் வேண்டும். தவறு நடந்துவிட்டதாகத் தோன்றினாலோ புகார் வந்தாலோ, குழு கூடும் வரை காத்திருக்காமல் அன்றே உங்கள் மருத்துவத் தொழில் காப்பீட்டுத் தரப்பை அழையுங்கள். தூக்கம் போய், சாப்பாடு இறங்காமல் வாரக்கணக்கில் இழுத்தால் குழு போதாது. உங்களுக்கென்று ஒரு குடும்ப மருத்துவர் வேண்டும். இன்னும் பதிவு செய்துகொள்ளவில்லை என்றால் இந்த வாரமே செய்யுங்கள்.

பெரிய அமைப்புகளும் உண்டு. 1972இல் தொடங்கிய உலகக் குடும்ப மருத்துவர் அமைப்பான வொன்காவில் இளம் மருத்துவர்களுக்கென்றே கிளைகள் இருக்கின்றன. ஐரோப்பாவில் முன்பு வாஸ்கோ ட காமா இயக்கம் என்று அழைக்கப்பட்ட ஐரோப்பிய இளம் குடும்ப மருத்துவர் இயக்கம், தெற்காசியாவுக்கு ஸ்பைஸ் ரூட். மருத்துவச் சந்தேகங்களுக்கு 'எக்கோ' வகைக் கூட்டங்கள் உதவும். 2003இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் சஞ்சீவ் அரோரா என்ற கல்லீரல் மருத்துவர் தொடங்கியது இது. தன்னிடம் வர நோயாளிகள் மாதக்கணக்கில் காத்திருப்பதைக் கண்டு, தொலைதூர ஊர்களின் மருத்துவர்களோடு காணொளியில் நோயாளி விவரங்களைப் பேசத் தொடங்கினார். அவர்கள் தங்கள் ஊரிலேயே அளித்த ஹெபடைடிஸ் சி சிகிச்சை, பல்கலைக்கழக மருத்துவமனையின் சிகிச்சைக்கு இணையான பலன் தந்ததை 2011இல் வெளியான ஆய்வு காட்டியது.

மூத்த மருத்துவரிடம் நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: மாதம் இரு முறை, ஒன்றரை மணி நேரம், நோயாளிகளைப் பதிவு செய்யாமல் ஒதுக்கித் தர முடியுமா என்று. வேலை முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அது நடக்கவே நடக்காது. இதை பலவீனத்தின் அடையாளமாக அவர் எடுத்துக்கொள்வார் என்று பயப்படாதீர்கள். நல்ல கிளினிக் நடத்துகிறவர்களுக்கு, இரண்டே ஆண்டில் மருத்துவர் விட்டுப்போனால் ஊர் என்ன பாடுபடும் என்பது தெரியும்.

எங்கள் குழு இப்போது மாதத்தின் முதல் வியாழன் மாலை காணொளியில் கூடுகிறது. ஒருவர் வேறு நாட்டுக்குப் போய்விட்டதால் ஓர் இடம் காலியாக இருக்கிறது. மற்றவர்களிடம் உங்களைப் பற்றிச் சொல்லிவிட்டேன். வரும்போது குறிப்பேடு வேண்டாம். மாலையில் மனதில் வந்து நிற்கிறவர்களில் ஒருவரை மட்டும் அழைத்து வாருங்கள்.