ஹெம்லாக் மரத்தை வெட்ட வேண்டாம், காப்பாற்ற வழி இருக்கிறது

வணக்கம். வட கரோலினாவில் உங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள ஹெம்லாக் என்னும் ஊசியிலை மரங்களில் வெள்ளைப் பஞ்சு அப்பியிருக்கிறது, வெட்டிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து அவசரப்படாதீர்கள்.

கிளையைத் திருப்பிப் பாருங்கள். ஊசியிலை காம்போடு சேரும் இடத்தில், குச்சியை ஒட்டி வரிசையாகப் பஞ்சு உருண்டைகள் இருந்தால் அது அசுவினிக்கு உறவான அடெல்ஜிட் பூச்சிதான். ஜப்பானிலிருந்து வந்தது, கிழக்கு அமெரிக்காவில் 1951இல் வர்ஜீனியாவின் ரிச்மண்ட் நகரருகே முதலில் கண்டார்கள்.

பாதிக்கு மேல் பச்சை இருந்தால் மரம் பெரும்பாலும் பிழைக்கும். இமிடாகுளோப்ரிட் என்ற பூச்சிமருந்தின் கரைசலை அடிமரத்தைச் சுற்றி, சருகை விலக்கி மண்ணில் ஊற்றுவார்கள். மெதுவாக ஏறும், ஆனால் சில வருடங்கள் காக்கும். பக்கத்தில் ஓடை இருந்தால் மட்டும் நீங்களே ஊற்றாதீர்கள், நீர்ப்பூச்சிகள் செத்துவிடும். தழைச்சத்து உரமும் வேண்டாம், பூச்சிக்குத்தான் அது விருந்து.

அப்புறம், இந்த மரங்களைக் காக்கும் ஹெம்லாக் ரெஸ்டோரேஷன் இனிஷியேட்டிவ் அமைப்புக்கு எழுதுங்கள். தன்னார்வலர்கள் காட்டுக்குள் போய் நெஞ்சு உயரத்தில் தண்டை அளந்து குறிப்பார்கள். மருந்தின் அளவு அதை வைத்துத்தான். நீங்களும் சேரலாம், அனுபவம் தேவையில்லை. பறவைத் தீனித் தட்டு மரத்தருகே இருந்தால் இன்றே தள்ளி வையுங்கள், குஞ்சுப் பூச்சிகள் பறவைக் காலில் ஒட்டிப் பரவும்.